ஒரு சாண் கூட இல்லாத மீன்

எம்.ரெட்டியபட்டி
3.3.2025

ரேணுகாதேவிக்கு,

உன் நம்பர் என் போன்ல இல்ல. நீ அந்தத் தாவீதுராஜைக் கட்டிக்கிட்டுப் போன அன்னைக்கே அழிச்சுட்டேன். அதான் காயிதத்துல எழுதுறேன். நீ வேலை பாக்குற ஆபீஸ் பேரு பேப்பர்ல போட்டிருந்துச்சு, அந்த விலாசத்துக்கே அனுப்புறேன். காளீஸ்வரன்னு ஒரு அண்ணன் இருக்கான்னு ஞாபகம் இருந்தாப் படி.

போன ஞாயித்துக்கிழமை திருச்சுழி டீக்கடையில உக்காந்திருந்தேன். ராஜகுரு வந்து பேப்பரை மூஞ்சிக்கு நேரா நீட்டுனான். அவனை உனக்குத் தெரிஞ்சிருக்காது. வரப்போற உள்ளாட்சித் தேர்தல்ல எனக்கு எதிரா நிக்கப்போறவன். ‘திருச்சுழி அருகே பிறந்த பெண் விஞ்ஞானி புதிய ஆழ்கடல் மீனைக் கண்டறிந்தார்’னு கொட்டை எழுத்துல போட்டு, கீழ உன் போட்டோ. கையில ஒரு கண்ணாடிச் சாடி, அதுக்குள்ள என்னமோ ஒன்னு ஊறிக் கெடக்கு.

இதுக்கா இத்தனை வருசம் படிச்சன்னு எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஒரு சாண் கூட இல்ல. திருச்சுழி சந்தையில இந்த அளவுல இருக்கிறதை ஓரமாத் தள்ளிப் பூனைக்குப் போடுவாக. திங்கவும் ஆகாதாம், அதையும் பேப்பர்லயே போட்டிருக்கான். கடையில இருந்தவுக எல்லாம் உன் தங்கச்சியா, உன் தங்கச்சியான்னு கேட்டாக. ஆமான்னு சொல்லவேண்டியதாப் போச்சு.

சரி, விசயத்துக்கு வாரேன். மீனுக்கு இன்னும் பேரு வைக்கலைன்னு போட்டிருக்கு. அதுக்கு நம்ம அய்யா பேரை வை. கருத்தப்பாண்டின்னா இந்தத் தாலுகாவுல தெரியாத ஆள் கெடையாது. ஆனி மாசம் அவுகளுக்குத் தலைத்திவசம் வருது. ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு அன்னைக்கு அறிவிக்கப்போறேன். அருப்புக்கோட்டையில பிளெக்ஸுக்கும் சொல்லியாச்சு.

திவசத்துக்கு உன்னைய வரச்சொல்லல. பேரு மட்டும் வந்தாப் போதும்.

காளீஸ்வரன்


கொச்சி
14.3.2025

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. நான் கடலில் இருந்தேன், திரும்பி வந்துதான் படித்தேன். மேசையில் இருந்ததைப் பக்கத்து சீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்து, ‘ஊரிலிருந்து வாழ்த்தா?’ என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நீங்கள் போனில் கூப்பிடாததும் நல்லதுதான். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்பீர்கள். காகிதம் அப்படி மாறாது.

அய்யா பேரைக் கேட்கிறீர்கள். அவருக்கு மீன் என்றால் என்னவென்று உங்களுக்கு மறந்துவிட்டதா? நான் தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கச் சேர்ந்ததும், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதலில் பம்புசெட்டில் குளிக்கவேண்டும், அப்புறம்தான் வீட்டு வாசப்படி மிதிக்கவேண்டும் என்று சட்டம் போட்டார். ‘மீன் நாத்தம் பிடிச்சவளை எவன் கட்டுவான்’ என்று விருந்தாளிகள் முன்னால் கேட்பார். நீங்கள் பக்கத்தில் நின்று சிரிப்பீர்கள். ஒருத்தர் கட்டினார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர் என்றதும் நாத்தத்தோடு ஜாதியும் சேர்ந்துகொண்டது.

போன வருஷம் அவர் இறந்தபோது நானும் தாவீதும் பஸ் பிடித்து வந்தோம். தெருமுனையைத் தாண்ட விடவில்லை. சித்தப்பா மகன் விஜயபாண்டியை நீங்கள்தான் அனுப்பினீர்கள். ‘தூரத்துல நின்னு பாத்துட்டு அப்படியே போயிருங்கன்னு அண்ணன் சொல்லச் சொன்னாரு’ என்றான். பாவம், அவன் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். தூரத்தில் நின்றால் பந்தல் துணி மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போனோம்.

அந்த மீன் எங்கே கிடைத்தது என்று பேப்பரில் போடவில்லை. கொல்லத்தில் ஆழ்கடல் இறாலுக்குப் போகிற படகுகள் வந்து நிற்கும். இறாலைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைத் துறைமுகத்து ஓரத்தில் குவிப்பார்கள். கோழித் தீவனம் அரைக்கப் போகிற குவியல் அது. அதற்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தேன். நீங்கள் தின்கிற பிராய்லர் கோழி இதன் சொந்தக்காரர்களைத் தின்று வளர்ந்ததாகக்கூட இருக்கலாம். குப்பையில் கிடந்ததற்கா தாலுகாவே அறிந்த மனிதரின் பேர்? யோசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ரேணுகாதேவி தாவீதுராஜ்


எம்.ரெட்டியபட்டி
22.3.2025

ரேணுகா,

இதென்ன நீங்க, உங்கள்னு? சின்னதுல இருந்து என்னைய நீ, வா, போன்னு பேசுன வாய்தானே. மரியாதையை எங்க கத்துக்கிட்ட, உன் மாமியா வீட்டுலயா? வேதக்கோயில் மணி அடிக்கிறவன் வீட்டு மரியாதை எங்களுக்கு வேணாம். நீன்னே எழுது.

அய்யா கண்டிசனான ஆளுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா இந்த ஊருக்குத் தார்ரோடு யாரு கொண்டாந்தது? மேல்நிலைத் தொட்டி யாரு கட்டுனது? பிரசிடெண்டா இருந்தப்ப தாலுகா ஆபீஸுக்குள்ள அவுக போனா எந்திரிச்சு நின்னு சேர் போடுவாக. நீ மீன் அறுத்துக்கிட்டு இருந்த காலத்துல உனக்குப் பீஸு கட்டுனதும் அவுகதான். வேணாம்னு சொல்லிக்கிட்டே கட்டுனாக. அதைச் சௌரியமா மறந்துட்ட.

குப்பையில கெடந்தா என்ன? பேப்பர்ல வந்துருச்சுல்ல. ஊருக்குள்ள எவன் கொல்லத்துக்குப் போய்ப் பாக்கப்போறான்?

பிளெக்ஸு மூணு எடத்துல கட்டியாச்சு. திருச்சுழி பஸ் ஸ்டாண்டு, மெயின்ரோட்டுல நம்ம ஊருக்குத் திரும்புற விலக்கு, அப்புறம் வீரசோழன்ல சந்தை வாசல்ல. ‘ஆழ்கடல் ஆளும் அய்யா கருத்தப்பாண்டி’ன்னு தலைப்பு. நடுவுல அவுக வேட்டி சட்டையோட நிக்கிற படம், பின்னாடி கடலு. உன் மீனு படத்தைக் கடைக்காரன்கிட்டக் காட்டுனேன். ‘அண்ணே இதைப் பெருசு பண்ணுனா கருவாடு மாதிரி இருக்கு’ன்னுட்டு அவனே ஒரு திமிங்கலத்தை எடுத்துப் போட்டான். பாக்குறதுக்கு எடுப்பாத்தான் இருக்கு. வீரசோழன்ல பாய்மாருங்க கூட நின்னு படிச்சுட்டுப் போறாக.

அதனால இப்ப நீ மாட்டேங்க முடியாது. ஊர் பாத்தாச்சு.

காளீஸ்வரன்


கொச்சி
5.4.2025

அண்ணனுக்கு,

சரி, நீ என்றே எழுதுகிறேன். அது மரியாதைக்காக எழுதியது இல்லை என்பது உனக்கே புரிந்திருக்கும்.

திமிங்கலம் மீனே இல்லை. அது குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி. எட்டாம் வகுப்புப் பாடம். ஊர் முழுக்கக் கட்டிவைத்திருக்கிறாய், ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்றால் உன்னைச் சுற்றி எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள். தெரிந்தும் சொல்லாமல் சிரிக்கிறவர்களும் இருப்பார்கள்.

நீ பேர் கேட்கிற மீன் எது என்றாவது தெரிந்துகொள். கடலுக்குள் முன்னூறு நானூறு மீட்டர் கீழே, சேற்றுத் தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மேலே உச்சி வெயில் அடிக்கும்போது அங்கே நம்ம ஊரில் பொழுது அடைந்து வெகுநேரம் ஆன மாதிரி இருக்கும். நீலமாக ஒரு துளி வெளிச்சம், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்துக்காகவே கண் பெரிசாகிவிட்டது. தலையில் பாதி கண்தான். உயிரோடு பார்த்தால் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு மாதிரி மின்னும். கண்ணின் வில்லை மட்டும் மஞ்சள்.

அந்த மஞ்சள் எதற்கு என்று யோசித்து யோசித்துப் பல பேர் மண்டையை உடைத்திருக்கிறார்கள். அந்த ஆழத்தில் பல உயிர்கள் வயிற்றில் விளக்கு வைத்திருக்கும். மேலே இருந்து வருகிற வெளிச்சமும் வயிற்று வெளிச்சமும் ஒன்றாகத் தெரிய, கீழே இருந்து பார்க்கிறவனுக்கு நிழலே விழாது. ஏமாற்று வேலை. மஞ்சள் வில்லை வழியாகப் பார்த்தால் ரெண்டு வெளிச்சமும் வேறு வேறாகத் தெரியும் என்று நினைக்கிறோம். எது வானத்து வெளிச்சம், எது வயிற்று வெளிச்சம் என்று இந்த மீன் பிரித்துவிடும். பிரித்ததும் மேலே பாய்ந்து கவ்விவிடும். இதை எழுதும்போது எனக்கு உன் மேல் இருக்கிற கோபம்கூடக் கொஞ்சம் மறந்துபோகிறது.

இப்போது நீ கேட்க விரும்பாததையும் சொல்கிறேன். இந்த மீனில் ஆண் தனி, பெண் தனி என்று கிடையாது. ஒரே உடம்பில் ரெண்டும் இருக்கும். அந்த இருட்டில் இன்னொன்றைச் சந்திப்பதே அபூர்வம். சந்திக்கிறபோது இது ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொண்டிருந்தால் இனமே இருக்காது. அப்புறம், மலம் போகிற துவாரத்தைச் சுற்றி ஒரு சின்ன விளக்கு உண்டு. அது மீனின் சொந்த வெளிச்சம் இல்லை. அந்த இடத்தில் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் வெளிச்சம்.

உன்னைக் கேவலப்படுத்துவதற்காக நான் இதையெல்லாம் கட்டவில்லை. அதன் உடம்பு அப்படி.

ஆய்விதழுக்குக் கட்டுரை போய்விட்டது. பேரும் அதில் எழுதியாகிவிட்டது. அது அய்யா பேர் இல்லை. பிளெக்ஸை அவிழ்த்துவிடு.

ரேணுகா


எம்.ரெட்டியபட்டி
9.5.2025

ரேணுகா,

உன் போன காயிதத்தைப் படிச்சதும், அய்யாவைக் கேவலப்படுத்தணும்னே பொய்யாக் கட்டி எழுதியிருக்கன்னுதான் நெனச்சேன். ஆணு பொண்ணு ரெண்டும் ஒரே உடம்புலயாம், பின்னாடி வெளக்காம். எந்தச் சாமி படைச்சது அதை? கிழிச்சு அடுப்புல போட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்.

போன வாரம் அருப்புக்கோட்டையில ஒரு கலியாணம். பந்தியில எனக்கு நேரெதிர்ல ராஜகுரு உக்காந்தான். சாம்பார் ஊத்துற நேரம் பாத்துப் போனை எடுத்து எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிக்க ஆரம்பிச்சான். எந்தக் கடல்காரன் எழுதுனதோ, தமிழ்லயே இருக்கு. பச்சைக்கண்ணு மீன் குடும்பம்னு போட்டு, நீ எழுதுன அம்புட்டும் அப்படியே அதுல இருக்கு. வாசிச்சு முடிச்சிட்டு, ‘ஏலே காளீஸ்வரா, உங்க அய்யாவுல எது அய்யா, எது அம்மா’ன்னு கேட்டான். பந்தியே சிரிச்சுச்சு. பொண்ணு வீட்டுக்காரவுக கூட வாயைப் பொத்திக்கிட்டாக. நான் எலையை மடிச்சிட்டு எந்திரிச்சேன்.

மறுநா விலக்குல எவனோ பிளெக்ஸுல அய்யா படத்துக்குப் பின்னாடி மஞ்சப் பெயிண்ட்ல வெளக்கு மாதிரி வரஞ்சு வச்சிருந்தான். மூணையும் நானே போய் அறுத்தேன். வீரசோழன்ல அறுக்குறப்ப சந்தைக்காரவுக வேடிக்கை பாத்தாக.

இப்ப ஒன்னு சொல்றேன், கேட்டுக்கோ. அய்யா பேரு அந்தக் கழுதை மேல இருக்கக்கூடாது. அவுக பேரு இல்லைன்னு எழுதியிருந்த, இருந்தாலும் நீ என்னைய நோகடிக்கிறதுக்காக மாத்தி வச்சாலும் வைப்ப. அதெல்லாம் வேணாம். பேரு வைக்க ஆள் கெடைக்கலைன்னா உன் மாமனார் பேரை வை. இல்லாட்டி அம்மா பேரை வை. அவுகளுக்கு என்ன, வீட்டோட கெடக்குறவுக. போறதுக்கு அவுகளுக்கு என்ன கவுரவம் இருக்கு?

காளீஸ்வரன்


கொச்சி
21.5.2025

அண்ணனுக்கு,

கட்டுரை இந்த வாரம் வெளியாகிவிட்டது. நீ போகிறபோக்கில் எழுதியதை நான் ஜனவரியிலேயே செய்துவிட்டேன். மீனுக்கு அம்மா பேர்தான்.

விலங்குகளுக்கு ரெண்டு பகுதியாகப் பேர் வைப்பார்கள். முதல் பகுதி குடும்பப் பேர் மாதிரி. ரெண்டாவதுதான் அதற்கே உரியது. பெண்களின் பேரை வைத்தால் லத்தீன் முறைப்படி கடைசியில் ஏ சேர்க்கவேண்டும். அதனால் உலகத்தில் எந்த மூலையில் எவர் படித்தாலும் ‘பெத்தம்மாளே’ என்றுதான் படிக்கவேண்டும். யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ஒருமுறை அச்சில் வந்துவிட்டால் என்னாலும் மாற்ற முடியாது, உன் கட்சிக்காரர்களாலும் முடியாது.

அவுகளுக்கு என்ன கவுரவம் என்று கேட்டாய். முதல் வருஷ லீவுக்கு நான் வந்த அன்றைக்கு நீயும் வீட்டில்தான் இருந்தாய். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பம்புசெட்டுக்குப் போனேன். அம்மா அங்கே காத்திருந்தாள். நான் குளிப்பதற்கு முன்னாலேயே என்னைக் கட்டிப்பிடித்து, தலையை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் நான் குளித்து முடித்ததும் அவளும் தொட்டிக்குள் இறங்கிச் சேலையோடு முங்கினாள். ரெண்டு பேரும் சொட்டச் சொட்ட நடந்து வந்தோம். அய்யா வாசலில் நின்று உனக்கு என்ன கேடு என்று கேட்டார்.

‘அவளைத் தொட்டேன். நானும் நாறுறேன்’ என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஈரச் சேலையோடு உள்ளே போய் அடுப்பு பற்ற வைத்தாள். ஒவ்வொரு லீவுக்கும் அப்படித்தான் செய்தாள். அய்யா தாலுகா ஆபீஸில் உட்கார்ந்த எந்தச் சேரைவிடவும் அந்த ஈரச் சேலைக்குக் கவுரவம் இருந்தது. உனக்கு அன்றைக்கும் புரியவில்லை.

படத்தை மதினியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். வாங்கி அம்மாவிடம் காட்டு. காட்டாவிட்டாலும் பரவாயில்லை. ஆவுடைத்தாய் மதினி காட்டுவாள்.

ரேணுகா


எம்.ரெட்டியபட்டி
2.7.2025

ஏ ரேணுகா,

என் வீட்டுக்காரியும் உன் புருசனும் சேந்துக்கிட்டு என்னைய முட்டாளாக்கிட்டாங்க. அதுக்கு நீதான் காரணம்.

படத்தை அம்மாகிட்ட நான்தான் காட்டுனேன். உன் மக உனக்குச் செஞ்ச மரியாதையைப் பாருன்னு சொல்லித்தான் காட்டுனேன். ஆணுமில்ல பொண்ணுமில்ல, பின்னாடி வெளக்கு எரியும், குப்பையில கெடந்ததுன்னு எல்லாத்தையும் சொன்னேன். மனசு ஒடஞ்சு போயி, அவளை மாத்தச் சொல்லி எழுதுடான்னு சொல்லுவாகன்னு பாத்தேன். பெருசாக்கிக் காட்டச் சொன்னாக. காட்டுனேன். கண்ணுகிட்டக் கொண்டுபோயிப் பாத்தாக. ‘இதைக் கொச்சிக்குப் போனா நேராப் பாக்கலாமா’ன்னு கேட்டாக. எதுக்குன்னு கேட்டேன். மாடு கட்டப் போயிட்டாக.

தலைத்திவசத்தன்னைக்குக் காலையில பந்தல், சேர், சமையல்காரவுக எல்லாம் வந்தாச்சு. திருச்சுழியில இருந்து, அருப்புக்கோட்டையில இருந்தெல்லாம் பெரிய மனுசருக வந்து உக்காந்திருக்காக. அய்யா போட்டோவுக்கு மாலை போட்டு, பக்கத்துல அம்மா உக்கார மணை போட்டு வச்சிருக்கு. அய்யர் அம்மாவைக் கூப்பிடுங்கன்னாரு. வீடு முழுக்கத் தேடுறோம், ஆளைக் காணோம். கெணத்தை எட்டிப் பாத்தேன், அம்புட்டுப் பயம். அதுக்கப்புறம்தான் ஆவுடைத்தாய் வாயைத் தெறந்தா. மொத பஸ்ஸுல அருப்புக்கோட்டை போயிட்டாகளாம். அங்கருந்து மதுரை. மதுரை டேசன்ல உன் புருசன் நின்னு கூட்டிக்கிட்டுப் போறதா ஏற்பாடாம்.

வந்தவுககிட்ட அம்மாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில இருக்காகன்னு சொன்னேன். சோத்துக்கு வந்த ராஜகுரு, ‘அப்பச்சரி, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நான் பாத்தது வேற ஆளு போல. நல்லாத்தான் காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தாக’ன்னான். எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு. வெறும் மணைக்கு முன்னாடி உக்காந்து சடங்கு செஞ்சேன்.

கட்டுனவரோட திவசத்தன்னைக்கு மீன் பாக்கப் போன பொம்பளையை இந்தச் சில்லாவுலயே எவனும் பாத்திருக்க மாட்டான். அவுகளை உடனே ரயிலேத்தி விடு. இல்லாட்டி நானே வாரேன். உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன், ரோட்டுல நிக்கிறேன். அவுகளை வெளிய அனுப்பு.

காளீஸ்வரன்


கொச்சி
11.7.2025

அண்ணனுக்கு,

அம்மா நலம். தாவீதோடு ரயிலில் வந்தாள். வழியெல்லாம் ஜன்னலைவிட்டு நகரவில்லையாம். வீட்டுக்குள் வந்ததும் சுவரில் இருந்த, சிலுவையில் தொங்குகிற ஏசு படத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஏன் சட்டையே போட மாட்டேங்கிறாங்க என்று தாவீதைக் கேட்டாள். அப்புறம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன். நான் அவள் பேரை வைத்ததற்கு அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் கற்பனை செய்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. சாடியை எடுத்து மேசையில் வைத்தேன். சாராயத்தில் ஊறினால் நிறம் போய்விடும், கண் வெளுத்துவிடும். கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘இதுக்குத்தானா இவ்வளவு’ என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இது செத்தது, உயிரோடு இருக்கும்போது இப்படி இருக்காது என்று சொல்லி, பின்னால் நாங்கள் கப்பலில் போய்ப் புதுசாகப் பிடித்தபோது எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பச்சைக் கண் திரை முழுக்க வந்தது. அதைப் பார்த்ததும் சிரித்தாள். இது அப்படியே உங்கய்யா முழி, ராத்திரி சோத்துல உப்புக் குறைஞ்சா இப்படித்தான் முழிப்பாக என்றாள். என்கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அதை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதாகிவிட்டது. ஆக நீ ஆசைப்பட்டதும் ஒரு மாதிரி நடந்துவிட்டது. சந்தோஷப்படு.

திரும்பி வரும்போது படகுத்துறையில் உட்கார்ந்திருந்தோம். கடலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். திவசத்தன்று கிளம்பி வந்தது சரியா என்று நானே கேட்டேன். உன் பக்கம் நின்று கேட்டேன் என்றே வைத்துக்கொள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் என்ன சொல்வார்கள் என்றும் கேட்டேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

‘அவுக இருந்தவரைக்கும் பக்கத்துல உக்காந்தாச்சு. போட்டோ பக்கத்துலயும் உக்காரணுமா?’

கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னாள்.

நீ வந்து ரோட்டில் நிற்பதாக எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவன் வெயிலில் நிற்க வேண்டாம், வந்த வழி எனக்குத் தெரியும், வரத் தோணும்போது வருவேன் என்று எழுதச் சொன்னாள். மதினியைத் திட்டினால் வரவே மாட்டாளாம்.

ரேணுகா


எம்.ரெட்டியபட்டி
18.8.2025

ரேணுகா,

அம்மா வந்து சேந்துட்டாக. நான் கூப்பிட்டுத்தான் வந்தாகன்னு உன் புருசன்கிட்டச் சொல்லிவை. விலக்குல பஸ்ஸை விட்டு எறங்கி, கையில ஒரு பெரிய சட்டத்தைத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு, வெயிலுக்குள்ள நடந்து வாராக. ஷேர் ஆட்டோவுல வந்தா கண்ணாடி ஒடஞ்சுரும்னு நடந்தாகளாம். வாங்கப் போனேன், தரல.

வீட்டுக்குள்ள அய்யா போட்டோவுக்கு எதுத்த சுவத்துல ஆணி அடிக்கச் சொன்னாக. அடிக்க மாட்டேன்னுட்டேன். ஆவுடைத்தாய் அடிச்சா. இப்ப நடுவீட்டுல இந்தப் பக்கம் அய்யா, அந்தப் பக்கம் உன் மீனு. ரெண்டும் ஒன்னை ஒன்னு மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு. அந்தக் கண்ணைப் பத்தி அம்மா சொன்னது எழுதியிருந்தல்ல, அதைப் படிச்சதுல இருந்து எனக்கும் அப்படித்தான் தெரியுது. சனியன், மனசுல ஏறிக்கிச்சு.

ஒடம்பு விசாரிக்க வாரேன்னு ஊருல ஒவ்வொருத்தரா வாராக. ஏன் திவசத்தன்னைக்கு ஓடிப்போனன்னு கேக்கத்தான் வாராக, வேற என்ன. அதைக் கேக்கவே அம்மா விட மாட்டேங்குறாக. வந்தவுகளை உக்காரவச்சு, அது எம்புட்டு ஆழத்துல இருக்கும், கண்ணு ஏன் மஞ்சளா இருக்கும்னு ஆரம்பிச்சிருறாக. பாதி தப்பும் தவறுமா வருது, இருந்தாலும் நிறுத்துறது இல்ல.

போன செவ்வாக்கெழமை ராஜகுருவே வந்தான். வம்புக்குத்தான் வந்தான். வாசல்ல நின்னு, ‘ஏம் பெரியம்மா, அதுக்குப் பின்னாடி வெளக்கு எரியுமாமே’ன்னு கேட்டான். நான் உள்ள இருந்தேன், கையில மண்வெட்டி இருந்துச்சு. அம்மா அவனை உள்ள வரச்சொல்லி, ஆமப்பா எரியும், ரெண்டும் ஒரே உடம்புல இருக்கும், அந்த இருட்டுக்குள்ள வேற எப்படிப் பொழைக்கும்னு, பிள்ளைக்குச் சொல்ற மாதிரிப் பொறுமையாச் சொன்னாக. சொல்லி முடிச்சிட்டு, ‘எரியிற எடம் எதுவா இருந்தா என்ன, உனக்கு எங்கயாவது எரியுதா?’ன்னு கேட்டாக. மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. காப்பியைக் குடிக்காமப் போனான். என் ஆயுசுல அவன் காப்பியை மிச்சம் வச்சு நான் பாத்ததே இல்ல.

அதுக்காக நீ செஞ்சது எல்லாம் சரின்னு ஆயிராது. அய்யாவை நீ எழுதுன எழுத்துக்கு எனக்கு இன்னும் ஆறல. அவுக நல்ல அப்பனா இல்லையாங்கிறது வேற. எனக்கு அப்பன். ராத்திரி அவுக போட்டோவைப் பாத்துக்கிட்டுத்தான் படுக்குறேன்.

அம்மா உன்கிட்டக் கேக்கச் சொன்னது இது. இதோட குஞ்சு எங்க இருக்கும்? வந்தவுகள்ல யாரோ கேட்டிருக்காக, அவுகளுக்குச் சொல்லத் தெரியல. எனக்கு எழுதப் பிடிக்கல, சொன்னதை எழுதுன்னு பக்கத்துலயே உக்காந்திருக்காக. அப்புறம், வருசத்துல எந்த மாசம் முட்டை வைக்கும், அது கீழ என்னத்தைத் திங்கும், அதையும் எழுது. தமிழ்ல எழுது, புரியிற மாதிரி எழுது. உன் ஆபீஸ் தமிழ் வேணாம்.

இன்னொன்னு. கீழ இருந்து வலையில மேல வாரப்பவே அந்த மீனு செத்துருதுன்னு நீ அம்மாகிட்டச் சொன்னியாம். அந்த வெளக்கு அதோடது இல்ல, அதுல குடியிருக்கிற கிருமியோடதுன்னும் எழுதியிருந்த. அப்ப மீனு செத்த ஒடனே வெளக்கு அணைஞ்சிருமா, இல்ல செத்தப்புறமும் கொஞ்ச நேரம் எரியுமா?

இதை அம்மா கேக்கல.

காளீஸ்வரன்